கோதின் கழுத்தில் இருக்கிற நீலம்

எங்கட சின்ன வயசில, வேலிக்குக் கதியால் நடக் கிடங்கு கிண்டினாலே துவக்குக் கோதுகள் வரும். மண்ணுக்குள் கிடந்தவை பச்சை பிடித்திருக்கும். ஆனால் உடைந்த வீடுகளுக்குள் நனையாமல் கிடந்த சில பித்தளைக் கோதுகளின் கழுத்தில் நீலமும் மண்ணிறமும் கலந்த ஒரு கறை தெரியும். "வெடிக்கேக்க எரிஞ்ச அடையாளம்" என்றுதான் நாங்கள் எல்லாரும் நம்பினோம்.

அது பிழை. அந்தக் கறை சண்டையில் வந்ததில்லை, தொழிற்சாலையிலேயே வந்தது. அதற்குப் பின்னால் ஒரு காலனித்துவக் கதை இருக்கு.

துவக்குக் கோதுக்கான பித்தளையில் 70 வீதம் செம்பு, 30 வீதம் நாகம். சூடாக்காமலேயே தகட்டை அச்சில் அழுத்தி, இழுத்து, குழாய் மாதிரி ஆக்குவார்கள். இழுக்க இழுக்கப் பித்தளை இறுகும். உள்ளுக்குள் ஒரு இழுவிசையும் தங்கிவிடும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரித்தானியப் படை, மழைக்காலத்தில் ரவைகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை விட்டுப் பார்த்தால் பல கோதுகள் வெடித்துப் பிளந்திருந்தன, அதுவும் சன்னத்தை இறுக்கிப் பிடிக்கிற கழுத்தடியில். மழைக்காலத்தோடு வந்ததால் 'பருவகால வெடிப்பு' என்று பெயர் வைத்தார்கள். மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவரும் 1921இல்தான் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாவும், பித்தளைக்குள் தங்கியிருந்த இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது.

மருந்து சிம்பிள்: கோதைச் செய்து முடித்த பிறகு கழுத்துக்குச் சூடு காட்டுவது. இழுவிசை போய்விடும், பித்தளை இளகும், நீலக்கறை மிஞ்சும். விற்பனைக்குச் செய்கிற கம்பனிகள் பெரும்பாலும் அதை மினுக்கி அழித்துவிடும். இராணுவக் கோதுகளில் அப்படியே விட்டிருக்கும். அமெரிக்காவில் வீட்டிலேயே கோதுகளைத் திரும்ப நிரப்புகிற ஆட்களும் கழுத்தைச் சூடாக்குகிறார்கள். ஒவ்வொரு முறை சுட்டு, திரும்ப அளவுக்குக் கொண்டுவரும்போதும் கழுத்து இறுகிக்கொண்டே போகும் என்பதுதான் காரணம். அடிப்பக்கம் மட்டும் இளகக் கூடாது. வெடியின் அழுத்தத்தைத் தாங்குகிற இடம் அது.

இந்தப் பாடம் யாழ்ப்பாணத்துக்குப் புதிசில்லை. கன்னாதிட்டி என்ற பெயரிலேயே பித்தளை வேலை செய்த கன்னாரின் ஞாபகம் இருக்கு என்பார்கள். இன்றைக்கு அங்கே நகைப் பட்டறைகள். தங்கக் கம்பி இழுக்கிறவர் கொஞ்சம் இழுப்பார், கம்பி இறுகும், நெருப்பில் காட்டி இளக்குவார், திரும்ப இழுப்பார். அமோனியாவின் கதை அவருக்குத் தேவைப்படவில்லை. இறுகின உலோகத்தை அதுக்கு மேல வருத்தக்கூடாது என்பது கைக்குத் தெரியும்.

இப்ப எங்கட கவலை வேற. கோதுகள் பழைய இரும்போடு கிலோக் கணக்கில் போய் உருகிவிடுகின்றன. பல கோதுகளின் அடியில் செய்த இடத்துக்கும் ஆண்டுக்கும் குறியீடு இருக்கும். யாருடைய ஆயுதம் எங்கட வளவு வரைக்கும் வந்தது என்பதற்கான சாட்சி அது. அதுவும் சேர்ந்தே உருகிப் போகுது.

அதுக்காகப் பொறுக்கப் போகாதேங்கோ. வெறுங்கோது எது, வெடிக்கிறது எது என்று பார்த்துச் சொல்ல எங்களால ஏலாது. கண்டால் தள்ளி நிண்டு, கண்ணிவெடி அகற்றுகிற ஆக்களுக்குச் சொல்லுங்கோ. ஏற்கெனவே வீட்டு அலுமாரியில் வெறுங்கோது இருக்குது எண்டு ஆராவது சொன்னால், அதைக் கண்ட இடத்தையும் வருசத்தையும் கேட்டு எழுதி வையுங்கோ. ஒரு கறையையே இவ்வளவு காலம் பிழையாக வாசித்த ஆக்கள் நாங்கள்.