பால்மரக் கதை சொன்ன பூமலை இதழ்

சிங்கப்பூர்ப் பூமலை என்றதும் ஆர்க்கிட் மலர்களும் மாலைநேர நடையும் நினைவுக்கு வரும். மண்ணையும் பயிரையும் பற்றி மட்டுமே பேசிய ஓர் ஆங்கில இதழ் 1891ல் அங்கிருந்துதான் புறப்பட்டது. அதன் பெயர் ‘அக்ரிகல்சுரல் புல்லட்டின் ஆஃப் தி மலாய் பெனின்சுலா’.

இதழின் பின்னால் இருந்தவர் 1888ல் பூமலையின் பொறுப்பை ஏற்ற தாவரவியலாளர் ஹென்ரி நிக்கலஸ் ரிட்லி. காப்பி, தென்னை, மிளகு, பழமரங்கள், அவற்றை அரிக்கும் பூச்சிகள் என்று தோட்டக்காரர்களுக்கு அன்றாடம் தேவைப்பட்டவை அதில் இடம்பெற்றன. கட்டுரைகளில் பலவற்றை ரிட்லியே எழுதினார். ஆண்டுக்கு ஓர் இதழ்கூட உறுதியில்லை. 1900 வரை வந்தவை ஒன்பதே.

அவரது உயிர்மூச்சு பால்மரம். பிரேசிலில் திரட்டிய விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைவிட, அவற்றில் 22 கன்றுகள் 1877ல் சிங்கப்பூர் வந்தன. காப்பியை நம்பியிருந்த முதலாளிகள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. சட்டைப் பையில் விதைகளை வைத்துக்கொண்டு சந்திப்பவர்களிடமெல்லாம் நீட்டிய ரிட்லியை ‘கிறுக்கு ரிட்லி’ என்றே அழைத்தனர். மரம் சாகாமல், மீன்முள் வடிவில் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890களில் அவர் செம்மைப்படுத்தினார். 1896ல் மலாக்காவில் டான் சே யான் பால்மரம் நட்டார். பின்னர் காப்பி விலை சரிய, மற்றவர்களும் திரும்பிப் பார்த்தனர்.

இரண்டாம் தொடர் 1901ல் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் அண்ட் ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ்’ என்ற பெயருடன் தொடங்கி 1911 வரை வெளிவந்தது. தோட்டங்கள் பெருகப் பெருக, கங்காணிகள் வழியாகவும், 1907ல் அமைந்த இந்தியர் குடிநுழைவு நிதியின் உதவியோடும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தனர். ரிட்லி எழுத்தில் விளக்கிய அந்தச் சீவலை விடியற்காலையில் எழுந்து செய்தவர்கள் அவர்கள்தாம். ‘மரம் சீவுதல்’, ‘ஒட்டுப்பால்’ போன்ற சொற்கள் தோட்டப்புறத்தில் வளர்ந்த முதியவர்களுக்கு இன்றும் பழக்கமானவை. இதழோ முதலாளிகளுக்கானது, ஆங்கிலம் அறியாத தொழிலாளியின் கைக்கு அது எட்டியிருக்க வழியில்லை.

1912ல் வேளாண்மைச் செய்திகள் கோலாலம்பூரில் தொடங்கிய வேறோர் இதழுக்குச் சென்றன. பூமலை இதழ் ‘கார்டன்ஸ் புல்லட்டின்’ ஆகித் தாவர ஆய்வுக்குத் திரும்பியது. அது இப்போதும் வெளிவருகிறது. நூறு வயது வரை வாழ்ந்து 1956ல் மறைந்தார் ரிட்லி. பூமலை 2015ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது.