புற்றுநோயாளிகளில் ஆக்சிசனேற்ற அழுத்த அளவீடு

ஆக்சிசனேற்ற அழுத்தம் என்பது உடலில் உருவாகும் வினைதிறன் மிக்க ஆக்சிசன் மூலக்கூறுகள், அவற்றை அடக்கும் எதிர்ப்பொருள்களை விஞ்சும் நிலை ஆகும். இம்மூலக்கூறுகள் மிக விரைவில் மறைந்துவிடுவதால், அவை விட்டுச்செல்லும் வேதித்தடயங்களே பெரும்பாலும் அளக்கப்படுகின்றன. புற்றுநோய் ஆய்வுகளில் இவ்வளவீடு பரவலாகப் பயன்படுகின்றது. எனினும் இது நோயைக் கண்டறியும் சோதனை அன்று.

அளக்கும் முறை

அதிகம் வழங்கும் முறை தயோபார்பிட்டியூரிக் அமிலச் சோதனையாகும். உயிரணுச் சவ்வின் கொழுப்பு சிதையும்போது மலோன்டைஆல்டிகைடு உண்டாகிறது. இதன் ஒரு மூலக்கூறு, அமில ஊடகத்தில் சூடாக்கப்படும்போது, இரண்டு தயோபார்பிட்டியூரிக் அமில மூலக்கூறுகளுடன் இணைந்து இளஞ்சிவப்பு நிறம் தரும். இந்நிறத்தின் செறிவு 532 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்கப்படும். எதிர்ப்பொருள்களின் பக்கத்தில் குளூட்டாதயோன், கேட்டலேசு, சூப்பர் ஆக்சைடு டிசுமியூட்டேசு ஆகியன அளக்கப்படுகின்றன.

கொதிநீர்த் தொட்டியும் நிறமாலை ஒளிமானியும் இருந்தால் போதும் என்பதால், திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் போன்ற ஊர்களின் கல்லூரி உயிர்வேதியியல் ஆய்வகங்களுக்கும் இது எட்டக்கூடியது. ஆனால் எளிமைக்கு ஒரு விலை உண்டு. வேறு ஆல்டிகைடுகளும் சில சர்க்கரைகளும் இதே வினையில் ஈடுபடும். சூடாக்குவதே புதிதாகக் கொழுப்பைச் சிதைக்கக்கூடும். குருதிச் சிவப்பணுக்கள் உடைந்த மாதிரி தவறான அளவைத் தரும். எனவே கிடைக்கும் எண்ணை மலோன்டைஆல்டிகைடின் அளவு என்று கொள்ளாமல், 'வினைபடு பொருள்களின்' அளவு என்றே குறிப்பது முறை. சிறுநீரில் 8-ஐதராக்சி டிஆக்சிகுவானோசினையும், 1990-இல் அறியப்பட்ட ஐசோபுரோசுட்டேன்களையும் அளப்பது இதனினும் நம்பகமானது, செலவும் கூடுதல்.

குருதியும் கட்டியும்

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை மெல்லும் வழக்கத்தால் வாய்ப்புற்றுநோய் தமிழகத்தில் மிகுதி. சுண்ணாம்பின் காரத்தன்மையில் பாக்கின் பாலிபீனால்கள் தாமாகவே ஆக்சிசனேற்றமடைந்து இத்தகைய மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சுபப்பிரியா, நாகினி முதலியோர் வாய்ப்புற்றுநோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2002-இல் வெளியானது. சிவப்பணுக்களில் கொழுப்புச் சிதைவு மிகுந்தும் எதிர்ப்பொருள்கள் குறைந்தும் இருந்தன. கட்டித் திசுவிலோ இதற்கு நேர்மாறாக, சிதைவு குறைந்தும் எதிர்ப்பொருள்கள் மிகுந்தும் காணப்பட்டன. இவ்வாறு தன்னைக் காத்துக்கொள்வது கட்டியின் வளர்ச்சிக்கு உதவக்கூடும் என்பது ஆய்வாளர் கருத்து. எல்லாப் புற்றுகளும் இப்படியே நடந்துகொள்வதில்லை.

ஆகவே குருதியில் எதிர்ப்பொருள் குறைவு என்பதைக் கொண்டு மாத்திரைகளைப் பரிந்துரைப்பது பொருந்தாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்து 1994-இல் வெளியான சோதனையில், பீட்டா கரோட்டின் உட்கொண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாகவே இருந்தது.