நன்கொடை, வரி, கட்டணம்: சிங்கப்பூர்த் தண்ணீரின் நிதி வரலாறு

முன்னுரை

நகரம் ஒன்று தன் குடிகளிடம் பணம் பெறும் வழிகளுள் வரிக்கும் கட்டணத்திற்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. வரி பொதுச் செலவுக்குரியது. அதனைச் செலுத்தியவர் ஈடாகக் குறிப்பிட்ட பணி எதனையும் கோர இயலாது. கட்டணமோ ஒரு பணிக்கு ஈடாகப் பெறப்படுவது. சிங்கப்பூரில் நீர் வழங்கலும் கழிவு அகற்றலும் வளர்ந்த வரலாற்றில் இவ்விரண்டும் மாறி மாறி இடம்பெற்றுள்ளன. எதனை அளவுகோலாகக் கொண்டு பணம் பெறப்பட்டதோ, அதுவே சுமை யார்மீது விழுந்தது என்பதையும் முடிவு செய்தது. இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்கொடையும் வீட்டு வரியும்

நகருக்கு நல்ல தண்ணீர் கொணர்வதற்கென வணிகர் டான் கிம் செங் 1857இல் 13,000 வெள்ளி வழங்கினார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் நகராட்சி ஆணையர்களுக்கும் வீட்டு வரிக்கும் உரிய சட்டங்கள் இயற்றப்பட்டிருந்தன. நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை இந்திய அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையால், அச்சட்டங்கள் கல்கத்தாவிலிருந்து வந்தன.

நன்கொடையால் ஒரு திட்டத்தைத் தொடங்கி வைக்க முடியும். ஆனால் நீர்த்தேக்கத்தையும் குழாய்களையும் ஆண்டுதோறும் பராமரிக்க நிலையான வருவாய் வேண்டும். குழாய்வழி நீர் வழங்கல் 1870களின் இறுதியில்தான் நிறைவேறியது என்பது இவ்வுண்மையை உணர்த்துகிறது. கொடையாளரின் நினைவாக 1882இல் நிறுவப்பட்ட நீரூற்று இன்று எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கிறது.

வீட்டு வரி கட்டடத்தின் ஆண்டு வாடகை மதிப்பைப் பொறுத்தது. அதனைச் செலுத்தும் கடமை உரிமையாளருக்குரியது. ஆயினும் வாடகையில் சேர்த்து அதனைக் குடியிருப்போரிடம் பெற்றுக்கொள்ள அவருக்கு வழியிருந்தது. மேலும், ஒரு கடைவீட்டைச் சிறு அறைகளாகத் தடுத்துப் பலர் வாழ்ந்தபோது, வரி கட்டடத்தைக் கண்டதேயன்றி அதனுள் வாழ்ந்தோரின் தொகையைக் காணவில்லை. நகரின் சுகாதார நிலையை ஆராய்ந்த பேராசிரியர் சிம்சனின் 1907ஆம் ஆண்டு அறிக்கை, இத்தகைய நெருக்கடியையும் மலக்கழிவு அகற்றலின் சீர்கேட்டையும் வெளிப்படுத்தியது. தண்ணீரைக் குழாயில் கொணர்ந்த நகரம், பாதாளச் சாக்கடைகள் ஒருபுறம் அமைக்கப்பட்டு வந்தபோதிலும், கழிவின் ஒரு பகுதியை நெடுங்காலம் வாளிகளிலேயே அகற்றியது. அம்முறை 1987இல்தான் முற்றிலும் முடிவுற்றது.

நகரிலிருந்து அரசுக்கு

1959இல் நகர மன்றம் நீங்கி, அதன் பணிகள் அரசிடம் சென்றன. 1963இல் அமைந்த பொதுப் பயனீட்டுக் கழகம் நீர், மின்சாரம், எரிவாயு ஆகியவற்றை ஏற்றது. 2001இல் கழிவுநீர்ப் பணியும் அதனிடம் வந்து சேர்ந்தது. இவ்வாறு தண்ணீரைத் தருவதும் பயன்பட்ட நீரைத் திரும்பப் பெறுவதும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பாயின.

எனினும், கட்டணச் சீட்டில் அவை தனித்தனி வரிகளிலேயே இடம்பெற்றன. நீரின் விலை ஒன்று. 1991இல் அறிமுகமான நீர்ச் சேமிப்பு வரி மற்றொன்று. இது சிக்கனத்தைத் தூண்டுவதற்காக விதிக்கப்பட்டது. இதன் வருவாய் கழகத்திற்கன்றி அரசுக்குச் செல்கிறது. 2000ஆம் ஆண்டில் இல்லங்களுக்கு மாதம் 40 கன மீட்டர் வரை 30 விழுக்காடும், அதற்கு மேற்பட்ட அளவிற்கு 45 விழுக்காடுமாக இவ்வரி இருந்தது. மூன்றாவது, கழிவுநீரைத் தூய்மைப்படுத்தவும் சாக்கடைகளைப் பராமரிக்கவும் பெறப்படும் தொகை.

இம்மூன்றாம் தொகையே நம் ஆய்வுக்கு மிகவும் உரியது. அதன் ஒரு பகுதி நீரின் அளவையும், மறுபகுதி வீட்டிலுள்ள கழிவறைகளின் எண்ணிக்கையையும் பொறுத்திருந்தது. இரண்டு கழிவறைகள் உள்ள வீட்டில் முதியவர் ஒருவர் வாழ்ந்தாலும் எண்மர் வாழ்ந்தாலும் பின்னைய பகுதி மாறாது. 2017ஆம் ஆண்டு ஜூலையில் இவ்விரு பகுதிகளும் இணைக்கப்பட்டு, நீரின் அளவு மட்டுமே அடிப்படையாயிற்று. தனித்து வாழ்வோருக்கு இது நீதியாகும். ஆனால் உறுப்பினர் மிகுந்த ஏழைக் குடும்பம், வீண் செலவு ஏதும் செய்யாமலே கூடுதலாகச் செலுத்த நேரிடும். அரசு வீடமைப்பில் வாழும் தகுதியுடைய குடும்பங்களுக்கு வழங்கப்படும் பயனீட்டுக் கட்டணத் தள்ளுபடி இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.

2025ஆம் ஆண்டு ஏப்ரலில், 40 கன மீட்டர் வரையிலான இல்லப் பயன்பாட்டிற்கு இம்மூன்றும் சேர்ந்து கன மீட்டருக்கு 3.24 வெள்ளியாயின.

முடிவுரை

செல்வரின் கொடையில் தொடங்கி, கட்டடத்தின் மதிப்பு, கழிவறையின் எண்ணிக்கை, நீரின் அளவு என அளவுகோல் படிப்படியாக மாறி வந்துள்ளது. ஒவ்வொரு மாற்றமும் முந்தைய அநீதி ஒன்றைக் களைந்து, புதியதொரு கேள்வியை எழுப்பியது. அளவையின் துல்லியம் மட்டுமே நேர்மையாகிவிடாது. நீர்மானி எவ்வளவு நீர் ஓடியது என்று காட்டும். எத்தனை பேரின் தாகம் தணிந்தது என்று காட்டாது. ஆகவே, குறிப்பிட்ட பணிக்கெனக் கட்டணம் விதிக்கும் எந்நகரும், அதனைத் தாங்க இயலாதோருக்கு உரிய வழியையும் உடன் வகுத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.