முளைப்பலகையிலிருந்து மெய்நிகர் கைக்கு: விரல்திறனை அளந்த வரலாறு

பக்கவாதத்தில் முடங்கிய கை மீண்டு வரும்போது பெரும்பாலும் தோள் முந்திக்கொள்கிறது, விரல்கள் பின்தங்குகின்றன. இதற்கான காரணத்தின் ஒரு பகுதியை லாரன்ஸ், கைபர்ஸ் என்னும் ஆய்வாளர்கள் 1968இல் குரங்குகளிடம் கண்டனர். மூளைப் புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பிரமிடுப் பாதையை இருபுறமும் அறுத்த பின்னும் அவை நடந்தன, ஏறின, கம்பியைப் பற்றின. சிறு குழிக்குள் வைத்த தீனியை விரல்நுனியால் எடுக்க மட்டும் முடியவில்லை. விரல்களைத் தனித்தனியே இயக்கும் இந்தத் திறனை மருத்துவம் எப்படி அளந்து வந்தது, அந்த வரலாற்றில் மெய்நிகர் தொழில்நுட்பம் உண்மையில் எதைச் சேர்த்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தொடக்கம் மருத்துவமனையில் அல்ல, தொழிற்சாலையில். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜோசப் டிஃபின் 1948இல் வெளியிட்ட முளைப்பலகை, வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்க உருவானது. சிறு ஊசிகளை ஒருவர் வரிசையான துளைகளில் எவ்வளவு விரைவாகச் செருகுகிறார் என்பதே தேர்வு. நோயாளிகளைச் சோதிக்கும் கருவிகளும் இதே அச்சில்தான் வார்க்கப்பட்டன. ஒன்பது துளைச் சோதனையில் ஒன்பது முளைகளைச் செருகி எடுக்க ஆகும் நேரம் கணக்கு. பெட்டி–கட்டைச் சோதனையில் ஒரு நிமிடத்துக்குள் தடுப்பைத் தாண்டி மறுபக்கம் போட்ட கட்டைகளின் எண்ணிக்கை கணக்கு. இவ்விரண்டுக்கும் வயது, பால்வாரியான இயல்பளவுகளை 1985இல் மாத்தியோவெட்ஸ் குழுவினர் வெளியிட்டனர். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் மேசை மீது பலகையை வைத்து, ஸ்டாப்வாட்சை அழுத்தி, கிடைத்த எண்ணை அட்டவணையோடு ஒப்பிடும் வழக்கம் வேரூன்றியது. அது இன்றும் மாறவில்லை. மாற வேண்டிய அவசியமும் பல இடங்களில் இல்லை. விலை குறைவு, மின்சாரம் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆனால் அந்த எண் வாய் திறக்காத சாட்சி. சிறுமூளை பாதித்தவரின் கை துளையைத் தாண்டிப் போய்த் திரும்பித் தடுமாறும். பார்க்கின்சன் நோயாளியின் கை நேராகவே போகும், ஆனால் மெதுவாகப் போகும். இருவரும் ஒரே அளவு நேரத்தில் முடிக்கலாம். கடிகாரத்துக்கு இருவரும் ஒன்றே.

இந்த இடைவெளியில்தான் உணர்விகள் நுழைந்தன. 1987இல் விபிஎல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த டேட்டாகிளவ் என்னும் கையுறை, விரல் மடங்கும் அளவைக் கணினிக்குச் சொன்னது. மருத்துவத்துக்கு இதை முறையாகத் திருப்பியவர்களில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரிகோரே புர்தியா முக்கியமானவர். பக்கவாத நோயாளிகளுக்காக 2001 வாக்கில் அவரது குழு வடிவமைத்த முறையில் விரலசைவின் எல்லை, வேகம், வலிமை ஆகியவற்றோடு ஒரு விரலைப் பிற விரல்களிலிருந்து பிரித்து இயக்கும் திறனும் தனி அளவாக இடம்பெற்றது. குரங்குகள் இழந்ததாக 1968இல் கண்ட அதே திறன்! அந்தத் தொடக்க ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

அடுத்த பாய்ச்சல் சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. அங்கு உருவான மெய்நிகர் முளைச் சோதனையில் மெய்நிகர் காட்சிக்கான தலைக்கவசம் கிடையாது. நோயாளி ஒரு சிறு ரோபோக் கைப்பிடியைப் பிடித்து, திரையில் தெரியும் ஒன்பது முளைகளைத் துளைகளில் இடுவார். கைப்பிடி எதிர்விசையைத் தரும், பிடியின் இறுக்கத்தையும் பதியும். 2020இல் வெளியான ஆய்வில் அக்குழு 77 அளவீடுகளை எடுத்துக்கொண்டு, நம்பகமற்றவற்றையும் ஒன்றையொன்று திரும்பச் சொல்பவற்றையும் கழித்து, பத்தை மட்டும் வைத்துக்கொண்டது. புதிய கருவி கிடைத்ததும் அளவீடுகளைக் குவிக்கும் இத்துறையில் கழிக்கத் துணிந்ததே எனக்குப் பெரிய சாதனையாகப் படுகிறது. அந்தப் பத்தில் சில, அசைவின் சீர்மையை அதன் அதிர்வெண் நிறமாலையிலிருந்து கணக்கிடும் ஸ்பார்க் முறையைச் சார்ந்தவை. அம்முறையை வகுத்தவர்களில் முதன்மையானவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சிவகுமார் பாலசுப்ரமணியன்.

பிறகு கையுறையும் ரோபோவும் இல்லாமலே விரல்களைப் பின்தொடரும் கேமராக்கள் வந்தன. 2013இல் லீப் மோஷன் கருவி சந்தைக்கு வந்தது. 2019 இறுதியில் ஆக்குலஸ் குவெஸ்ட் தலைக்கவசமே கையை இனங்கண்டது. மாட்ரிட் கார்லோஸ் மூன்றாம் பல்கலைக்கழகத்தார் பெட்டி–கட்டைச் சோதனையை அப்படியே மெய்நிகர் அறைக்குள் கொண்டுசென்று பார்க்கின்சன் நோயாளிகளிடம் சோதித்தனர்.

இங்கேதான் நான் தயங்குகிறேன். மெய்நிகர் கட்டைக்கு எடை இல்லை, விளிம்பு இல்லை, வழுக்கல் இல்லை. விரல்நுனி உணர்ச்சி குன்றிய நோயாளி மேசையில் கட்டையை நழுவவிடுவார். கேமரா உலகில் பிடித்ததா இல்லையா என்பதை முடிவு செய்வது தொடுகை அல்ல, மென்பொருளின் விதி. இறுகி மடங்கிய கையில் ஒரு விரல் மற்றொன்றை மறைக்கும்போது கேமரா மறைந்த விரலை ஊகித்தே வரைகிறது. அதாவது, நோய் கடுமையாக உள்ள கையில்தான் அளவும் தடுமாறுகிறது.

ஆகவே மெய்நிகர் சோதனையின் பலன், கடிகாரம் காணாத அசைவின் தன்மையையும் பிடியின் விசையையும் பதிவதில்தான் இருக்கிறது. பழைய சோதனையைப் போலச் செய்து காட்டுவதில் அல்ல. மெய்நிகர் பெட்டியில் கிடைத்த எண்ணை 1985ஆம் ஆண்டின் அட்டவணையோடு ஒப்பிடுவது தவறு. அதற்குத் தனி இயல்பளவுகள் வேண்டும். அதுவரை நோயாளியின் கோப்பில் அந்த எண்ணை எழுதுவோர், எந்தக் கருவியில், எந்த மென்பொருள் பதிப்பில் அளந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.