மணல்திட்டில் நின்ற கடலாதிக்கம்: பழவேற்காட்டு டச்சுக்காரரும் வரலாற்று விளையாட்டுகளின் கணக்கும்

2009இல் வெளிவந்த 'எம்பயர்: டோட்டல் வார்' என்ற கணினி விளையாட்டு 1700ஆம் ஆண்டில் தொடங்குகிறது. டச்சு ஐக்கிய மாகாணங்களின் பக்கம் நின்று ஆடுபவருக்குத் தொடக்கத்திலேயே இலங்கை கைவசம் இருக்கும். கப்பல் தளத்தைப் பெருக்கி, பீரங்கிகளைக் கூட்டி, வணிக முனைகளில் கப்பல்களை நிறுத்திவைத்தால் கருவூலம் நிறையும். 2013இல் வந்த 'யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4' விளையாட்டிலும், இலகுரகக் கப்பல்களை ஒரு கடற்பகுதிக்கு அனுப்பினால் அங்கு நடக்கும் வணிகத்தில் அனுப்பிய நாட்டின் பங்கு உயரும். இரண்டும் நுணுக்கமாக உழைத்து உருவாக்கப்பட்டவை. ஆனால் இரண்டுமே கப்பல்களின் எண்ணிக்கையை வைத்தே கடலாதிக்கத்தை அளக்கின்றன. அந்த அளவுகோல் சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டுக்குப் பொருந்தாது.

1602இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டுக்கு வந்தது துணிக்காக. மலுக்குத் தீவுகளில் கிராம்பையும் பாண்டாத் தீவுகளில் சாதிக்காயையும் வாங்க அதற்குச் சோழமண்டலத் துணி தேவைப்பட்டது. அங்கே வெள்ளியைவிடத் துணி எளிதாக விலைபோனது. மலுக்குத் தீவுகளின் இடக்கை சோழமண்டலம் என்று அப்போதைய டச்சு அதிகாரி ஹென்ட்ரிக் பிரவுவர் மேலிடத்துக்கு எழுதியது இந்தக் காரணத்தால்தான். 1610இல், விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் இசைவோடு பழவேற்காட்டில் பண்டகசாலை எழுந்தது. இரண்டே ஆண்டுகளில், 1612இல், சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியர் அதை அழித்தார்கள். 1613இல் கோட்டை உருவானது. இயக்குநர் வெம்மர் வான் பெர்கெம் தம் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரால் அதற்கு 'கெல்ட்ரியா' என்று பெயரிட்டார்.

இந்தக் கோட்டைக்கு வந்த கப்பல்கள் எதுவும் கோட்டை வாசலுக்கு வந்ததில்லை. பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். கடலோடு அதை இணைக்கும் முகத்துவாரம் மணல் சேர்ந்து அடைபடுவதும், வெள்ளம் வந்தால் உடைத்துக்கொள்வதுமாக இருப்பது. ஐரோப்பாவுக்கும், இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கும் ஓடிய பெரிய மரக்கலங்களுக்குச் சில மீட்டர் ஆழமாவது வேண்டும். ஆகவே அவை வெளிக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்றன. அதற்கு இப்பால் கரைவரை இருந்த தண்ணீர் மீனவர்களின் ஆளுகையில் இருந்தது.

அந்த இடைவெளியைக் கடந்தவை மசூலாப் படகும் கட்டுமரமும். மசூலாப் படகில் இரும்பாணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்குகளில் வைக்கோல் திணித்திருப்பார்கள். அலை உடைகிற இடத்தில் படகு மணலில் மோதும்போது, ஆணி அடித்த ஐரோப்பியப் படகு பிளந்துபோகும். தைத்த படகோ நெளிந்து கொடுக்கும். பின்னால் நீண்ட துடுப்போடு நிற்பவர் அலைகளை எண்ணி, சரியான அலை வரும்வரை காத்திருந்து குரல் கொடுப்பார். மற்றவர்கள் ஒரே மூச்சில் துடுப்புப் போடுவார்கள். பொதி நனைந்தால் துணி கெட்டது, துணி கெட்டால் கிராம்பு இல்லை. உலகின் மிகப் பெரிய வணிகக் கம்பெனியின் ஒரு பருவத்து லாபம் அந்தக் குரலை நம்பியிருந்தது என்பது மிகைக்கூற்று அல்ல.

பருவமும் கம்பெனியின் சொல்லைக் கேட்கவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் நடுவிலேயே கப்பல்கள் இந்தக் கரையை விட்டு நகர்ந்தாக வேண்டும். தங்கினால் புயலில் கரை ஒதுங்கும். பீரங்கிகள் எத்தனை இருந்தாலும் ஆண்டில் சில மாதங்கள் இந்தக் கரையில் கடற்படையே கிடையாது.

கரையில் நிலைமை இன்னும் சிக்கல். நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி சேர்க்க மலையா, சின்னண்ணா போன்ற செட்டி வணிகர்களை டச்சுக்காரர் நாட வேண்டியிருந்தது. அந்த வணிகர்களுக்கோ சொந்தக் கப்பல்களும் அரசவைச் செல்வாக்கும் இருந்தன. அவர்களைப் பணியாளர் பட்டியலில் சேர்ப்பது தவறு. பேரம் பேசும் வலுவுள்ள கூட்டாளிகள் அவர்கள்.

இதற்கு மறுப்பு உண்டு, அது வலுவான மறுப்பும்கூட. வெளிக்கடலில் டச்சுக்காரர் கை ஓங்கியிருந்தது. தங்களிடம் கடவுச்சீட்டு வாங்காத உள்ளூர் வணிகரின் கப்பல்களை மறிக்க அவர்களால் முடிந்தது. போர்ச்சுக்கீசியரின் பிடியைத் தளர்த்தவும் முடிந்தது. அவர்களது வன்முறை கடலோடு நிற்கவும் இல்லை. கெல்ட்ரியாவில் வெடிமருந்து ஆலை இயங்கியது. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றைக் கலந்து இங்கே செய்த மருந்து பத்தாவியாவுக்குச் சென்று, கிழக்குத் தீவுகளின் போர்களுக்குத் தீனியானது. 17ஆம் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் இந்தக் கரையை வாட்டியபோது, பட்டினியால் விற்கப்பட்டவர்களை, தம்மையே விற்றுக்கொண்டவர்களை, ஆயிரக்கணக்கில் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். பத்தாவியாவைக் கட்டி எழுப்பியதில் அவர்களின் உழைப்பு கலந்திருக்கிறது. இந்த மனிதர்களை மறைத்துவிட்டுக் காட்டும் கடலாதிக்கம் அரை உண்மைகூட ஆகாது.

இந்த மறுப்பு நம் வாதத்தை முறிப்பதில்லை, கூர்மையாக்குகிறது. கப்பலின் பீரங்கிக்கு மருந்து வந்தது கரையிலிருந்து. கப்பலில் ஏறிய துணியும், கப்பலில் திணிக்கப்பட்ட மனிதர்களும் கரையைச் சேர்ந்தவர்களின் படகுகளில்தான் கடலைத் தொட்டிருக்க முடியும். டச்சு வல்லமையின் வேர் கரையில் இருந்தது. அந்தக் கரையில் அவர்கள் அனுமதி கேட்டும், கூலி கொடுத்தும், கொடுமை செய்தும்தான் நிலைத்தார்கள்.

1690 வாக்கில் கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடம் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. பழவேற்காடும் அந்தப் போரில் கைமாறியது, பின்னர் திரும்பக் கிடைத்தது, 1795இல் மறுபடி போயிற்று. 1824ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி அடுத்த ஆண்டில் நிரந்தரமாக ஆங்கிலேயர் வசமானது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. இந்தியத் தொல்லியல் துறை காக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் மட்டும் இரு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன.

கோட்டையின் பெயரைத் தாங்கிய கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தினர் 'பாடு' முறையைப் பின்பற்றி வந்திருக்கிறார்கள். ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களை ஊர் கூடி முறைவைத்துப் பகிர்வது அது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைப்பதில்லை. உரிமை இல்லாத பிற சமூகத்தினரை அது வெளியே நிறுத்துகிறது என்ற குறையும் நியாயமானது. ஆனாலும் நீர்ப்பரப்பின் மீதான அதிகாரத்தைக் கப்பல் இல்லாமல் வகுத்த சட்டம் இது. இன்று இதே ஊர்களின் கவலை முகத்துவாரம் அடைபடுவதும் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கமும். கரையின் மணல் போக்கை யார் தீர்மானிப்பது என்பதே அந்தக் கவலையின் சாரம்.

ஆகவே சோழமண்டலத்தை வைத்து விளையாட்டு அமைக்க முனைபவர், கப்பல் பட்டியலுக்கு முன் மூன்று விதிகளை எழுத வேண்டும். படகோட்டிகளின் இசைவில்லாமல் ஒரு பொதிகூட ஏறவோ இறங்கவோ கூடாது. அக்டோபர் நடுவில் கப்பல்கள் கரையை விட்டாக வேண்டும். ஆட்டக்காரர் அடிமை வணிகத்தில் ஈட்டும் ஒவ்வொரு காசுக்கும், எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் குறைந்தார்கள் என்பது வரைபடத்தில் தெரிய வேண்டும். இவற்றுக்கான தரவு நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள கம்பெனி ஆவணங்களில் பெருமளவு கிடைக்கும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஏடுகள் இருக்கின்றன. முகத்துவாரத்தின் போக்கையும் அலையின் கணக்கையும் கோட்டைக்குப்பத்தில் கேட்டுத்தான் எழுத முடியும்.