தகடூர்க் கரும்பின் பசிபிக் பூர்வீகம்

தர்மபுரிக்குத் தகடூர் என்று பெயர் இருந்த நாளில் அந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. தமிழகத்துக்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோர்கள் என்று ஔவையார் பாடியிருக்கிறார். புறநானூற்றின் 99ஆம் பாட்டு. எங்கிருந்து என்று அதில் அவர் சொல்லவில்லை. வானுலகத்திலிருந்து என்று சொல்வாரும் உண்டு. தாவரவியலாளர்கள் கைகாட்டுவதோ பசிபிக் பெருங்கடலை.

இன்று பாப்புவா நியூகினி நாடு இருக்கும் பெருந்தீவில்தான், சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பு, கரும்பு பயிரானது. அந்த மக்கள் சர்க்கரை காய்ச்சவில்லை. கடித்து, மென்று, சக்கையைத் துப்பினார்கள். கரும்புக்கு ஊர் சுற்றுவது சுலபம். விதை வேண்டாம், இரண்டு பரு உள்ள கரணை போதும். ஈர மண்ணில் புதைத்தால் கணுவில் வேர் விடும், பருவில் முளை கிளம்பும். இப்படித் தோணி ஏறிய கரணை கிழக்கே பிஜித் தீவுகளுக்கும் மேற்கே ஆசியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. வழியில் நாணல் இனங்களோடு கலந்து இந்தியாவின் மெல்லிய கரும்புகள் உருவாயின.

சாற்றைக் கொப்பரையில் காய்ச்சிக் கட்டியாக்கும் வித்தை இந்தியாவில் தேர்ந்தது. வெட்டிய கரும்பு சில நாளில் புளித்துவிடும். கட்டியோ கெடாமல் கப்பலேறும். 647இல் சீனப் பேரரசர் தாய்சோங் மகதத்துக்கு ஆளனுப்பி இந்த வித்தையைக் கற்றுவரச் செய்தார். அரபு வணிகர்கள் கரும்பை மத்தியதரைக் கடலோரம் சேர்த்தார்கள். 1493இல் கொலம்பஸ், தம் இரண்டாவது பயணத்தில், அதைக் கரீபியனுக்குக் கொண்டுபோனார். பின்னாலேயே ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிய கப்பல்கள் வந்தன.

1834இல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை சட்டப்படி முடிந்ததும் தோட்ட முதலாளிகளின் கண் இந்தியா மீது விழுந்தது. மொரீஷியஸுக்கும் டிரினிடாடுக்கும் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். இந்த இரண்டு இடங்களிலும் ஆளுநராக இருந்த ஆர்தர் கார்டன், பிரிட்டன் 1874இல் பிஜியை எடுத்துக்கொண்டதும், அங்கும் ஆளுநராக வந்தார். பிஜி மக்களின் நிலம் கைமாறக் கூடாது, அவர்களைத் தோட்ட வேலைக்கு இழுக்கக் கூடாது என்று முடிவெடுத்தார். அப்படியானால் வேலைக்கு ஆள்? பழைய ஊர்களில் பார்த்த ஏற்பாட்டையே இங்கும் கொண்டுவந்தார். 1879 முதல் 1916 வரை 60,000க்கும் அதிகமான இந்தியர்கள் பிஜியில் இறங்கினார்கள். 1903இலிருந்து சென்னைத் துறைமுகத்திலும் கப்பல் ஏற்றினார்கள். வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து ஏராளமானோர் போனார்கள். அங்கே பெண்கள் பட்ட பாட்டைத்தான் பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாட்டில் பாடினார்.

பிஜியின் பெரிய தீவான விட்டி லெவுவின் நடுவே மலை. தென்கிழக்குக் காற்று கிழக்குப் பக்கமே மழையைக் கொட்டிவிடும். கரும்பில் இனிப்பு ஏற வறண்ட பருவம் வேண்டும், ஆகவே மேற்கே லௌடோகாவில் 1903இல் பெரிய ஆலை எழுந்தது. அந்தப் பக்கம்தான் நாந்தி. தென்னிந்தியர்கள் 1926இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தொடங்கிய ஊர்.

இதற்கிடையே கோயம்புத்தூரில் 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. அங்கே பார்பர், வெங்கடராமன் என்ற விஞ்ஞானிகள் தடித்த பசிபிக் வம்சக் கரும்பைக் காட்டு நாணலோடு சேர்த்தார்கள். 1918இல் ‘கோ 205’ வெளிவந்தது. அன்று ஆசியாவுக்கு வந்த வழியில் தானாக நடந்த கலப்பை இவர்கள் திட்டமிட்டுச் செய்தார்கள். இன்று தர்மபுரிப் பக்கத்துப் பாலக்கோடு, கோபாலபுரம் கூட்டுறவு ஆலைகளுக்கு வண்டியேறும் கரும்பும் ‘கோ’ வம்சம்தான்.

பிஜி 1970இல் விடுதலை பெற்றது. அங்கே ஆலைகளை நடத்திய ஆஸ்திரேலிய சர்க்கரைக் கம்பெனி 1973இல் வெளியேறியது. ஆனால் கார்டனின் இரண்டு முடிவுகளும் அங்கேயே தங்கிவிட்டன. நிலத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் இன்றும் பிஜிப் பூர்வகுடிகளுடையது, விற்க முடியாதது. அதில் கரும்பு வைத்தவர்களோ பெரும்பாலும் கூலிகளின் வாரிசுகள், குத்தகைக்காரர்கள். 1997இலிருந்து முப்பதாண்டுக் குத்தகைகள் ஒவ்வொன்றாக முடிய, பலருக்குப் புதுப்பித்துக் கிடைக்கவில்லை. தலைமுறையாகக் கரும்பு வெட்டிய குடும்பங்கள் சுவாவுக்கும் ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் கிளம்பின.