சேத்துப்பட்டில் நால்வர் கூடி நடத்திய ஆய்வு

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டனில் டாலருக்குப் பெரும் தட்டுப்பாடு. அமெரிக்காவில் அப்போதுதான் வந்திருந்த ஸ்ட்ரெப்டோமைசினைக் காசநோயாளிகள் எல்லோருக்கும் வாங்கித் தர அரசிடம் பணமில்லை. கிடைத்த கொஞ்ச மருந்தை வைத்து, அது உண்மையில் பலன் தருகிறதா என்று பார்த்துவிடலாம் என முடிவு செய்தது பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். 107 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். 55 பேருக்கு ஊசியும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 4 பேரும், மற்றவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். 1948-இல் வெளியான இந்த முடிவைக் கண்டு மருத்துவ உலகம் துள்ளியது.

ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது 55 பேரில் 32 பேர் இறந்துபோயிருந்தார்கள். ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் இறந்தவர்கள் 35. இடைவெளி ஏறக்குறைய மூடிவிட்டது. சிகிச்சை நடக்கும்போதே பலருடைய சளியில் ஸ்ட்ரெப்டோமைசினுக்கு மசியாத கிருமிகள் தலையெடுத்திருந்தன. ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கிருமி அதைத் தாண்டிவிடும். பாஸ் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் தாண்டுவது கடினம் என்பதை அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. 1952-இல் விலை மலிவான ஐசோனியாசிட் மாத்திரையும் வந்து சேர்ந்தது.

மருந்து கிடைத்துவிட்டது. ஆனால், அதை ஓராண்டுக்கும் மேலாக விடாமல் விழுங்க வைப்பது யார்? ஐரோப்பாவில் காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் சானடோரியங்கள் இருந்தன. இந்தியாவிலோ லட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கைகள் மிகக் குறைவு. 1928-இல் டாக்டர் சவுரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுக்கும் அளவுக்குப் புகழ்பெற்றிருந்தது. ஆனால் அதுபோல நூறு கட்டினாலும் போதாது. நோயாளிகளை வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்க்கலாம் என்றால், பாதியில் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், மருந்துக்கு மசியாத கிருமி ஊரெல்லாம் பரவிவிடும் என்ற அச்சம் இருந்தது.

இந்தக் கேள்விக்கு விடை காண 1956-இல் மதராஸ் சேத்துப்பட்டில் ‘காசநோய் வேதிசிகிச்சை மையம்’ தொடங்கப்பட்டது. ஒரே நிறுவனம் தாங்கக்கூடிய வேலை இல்லை இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என நால்வர் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார்கள். முதலில் போட்ட திட்டம் ஐந்தே ஆண்டுகளுக்கு. லண்டனிலிருந்து வாலஸ் ஃபாக்ஸ் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் வந்து ஆய்வை வழிநடத்தினார். கிருமியியல் வேலைக்கு ஹேமர்ஸ்மித்தில் இருந்த டெனிஸ் மிட்சிசனின் ஆய்வகம் துணை நின்றது.

நகரத்தின் ஏழைக் குடும்பங்களிலிருந்து 193 நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்கு, மற்றவர்கள் வீட்டுக்கு. இரு தரப்புக்கும் ஐசோனியாசிட்டும் பாஸும், ஓராண்டுக்கு. பாஸ் லேசான மருந்தில்லை. தினமும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். அதனால்தான் மையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மிச்சமிருக்கும் மருந்தை எண்ணிப் பார்ப்பார்கள். பிறகு சிறுநீர் மாதிரி கேட்பார்கள். அதில் ஃபெரிக் குளோரைடைக் கலந்தால் நிறம் மாற வேண்டும்; மாறாவிட்டால் பாஸ் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். மருந்து எதிர்ப்பைப் பற்றிய பெரிய ஆராய்ச்சி, நெரிசலான சந்துகளில் இப்படி ஒரு சோதனைக்குழாயை நம்பி நடந்தது.

1959-இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதத்தினருக்கும், வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதத்தினருக்கும் ஓராண்டில் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சத்தான சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. அப்படியும் பெரிய வித்தியாசமில்லை. நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த உறவினர்களை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்ததில், அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இருந்ததாகவும் தெரியவில்லை. ஐசோனியாசிட்டைத் தனியாகக் கொடுத்தால் என்னவாகும் என்றும் இதே மையம் சோதித்தது: தோல்விகள் கூடின, எதிர்ப்பும் வளர்ந்தது. வாரம் இருமுறை மருத்துவமனைக்கு வரவழைத்து, ஊழியர் கண்முன்னே ஊசியும் மாத்திரையும் கொடுக்கும் முறையை 1964-இல் வெளியிட்டார்கள். பின்னாளில் உலகமெங்கும் ‘டாட்ஸ்’ என்ற பெயரில் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு இது முன்னோடி.

அதே 1964-இல் மையம் நிரந்தரமாக்கப்பட்டு இந்தியக் கவுன்சிலின் கீழ் வந்தது. இன்று அதுதான் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து, மருந்து எதிர்ப்பைப் பற்றிய இன்னொரு கூட்டாய்வில் இதே நகரத்தின் பெயர் அடிபட்டது, இம்முறை மனக்கசப்போடு. 2010 ஆகஸ்டில் ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில் வந்த கட்டுரை, கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்துகளையே முறிக்கும் என்.டி.எம்-1 என்ற நொதியைப் பற்றியது. அதைச் சுமந்த கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் கிடைத்திருந்தன. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர். நிதி கொடுத்தவர்கள் ஐரோப்பிய ஒன்றியம், வெல்கம் அறக்கட்டளை, வையத் மருந்து நிறுவனம். நொதியின் பெயரில் ‘நியூ டெல்லி’ இருந்ததால் டெல்லியில் புயல் கிளம்பியது. கிருமியைப் பற்றிய பேச்சு பின்னுக்குப் போய், பணம் யாருடையது, நம் மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் சதியா என்ற கேள்விகள் முன்னுக்கு வந்தன. 1956-இல் மாநில அரசும் மத்தியக் கவுன்சிலும் தொடக்கத்திலேயே பங்காளிகள். முடிவு எதுவானாலும் அது அவர்களுடையதும்கூட. 2010-இல் இந்திய அரசு ஆய்வு முடிவைச் செய்தியாகத்தான் படித்தது.

ஆனாலும் அந்தச் சண்டை வீணாகவில்லை. 2012-இல் இந்திய மருத்துவர் சங்கங்கள் சென்னையில் கூடி, நுண்ணுயிர்க்கொல்லிகளை அடக்கிப் பயன்படுத்த ஒரு செயல்திட்டத்தை வகுத்தன. ‘சென்னைப் பிரகடனம்’ என்று அதற்குப் பெயர். 2014 மார்ச் முதல் தேதி, மருந்து விற்பனையைக் கட்டுப்படுத்தும் எச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள மருந்தை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். கார்பபெனெம்களோடு, காசநோய்க்கான ஐசோனியாசிட்டும் ரிஃபாம்பிசினும் அந்த அட்டவணையில் இருக்கின்றன.